கூட்டோடு போகும் வெள்ளைக் கிளி

தர்மபுரம்
17.02.1997

அன்பு மகள் அனோஜாவுக்கு,

இன்று காலை எழும்பியதும் முதல் வேலையாக வெள்ளைக் கிளியின் கூட்டை மூடியிருந்த சாக்கை விலக்கி, கீழே கிடந்த இறகுகளை எண்ணினேன். மூன்றுதான். போன மாதம் ஒரு நாளில் பதினைந்து இருபது என்று தன் நெஞ்சிலிருந்தே பிடுங்கிப் போட்டது. ஆகவே கிளியும் நானும் சுகம் என்றே எழுதலாம். உனக்கும் மருமகனுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஒரு குறையும் வராதிருக்கட்டும். உன் தைமாதக் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. சித்திரைக்கு முதல் கொழும்புக்கு வந்து சேருங்கோ அம்மா, உங்கட மிருகக்காட்சிச்சாலையை ஆரிட்டையாவது குடுத்திட்டு வாங்கோ என்று எழுதியிருக்கிறாய். அந்த வேலைதான் நடக்கிறது.

கிளிநொச்சியில் செல்லப்பிராணிக் கடை வைத்திருந்த கனகலிங்கத்தாரை உனக்கு நினைவிருக்கும். புரட்டாதியில் ஊரே இடம்பெயர்ந்தபோது அவர் கூடுகளை எங்கள் வாசலில் இறக்கி, இரண்டு நாளில் வருகிறேன் என்று போனவர், மார்கழியில் இந்தியாவுக்குப் போய்விட்டார். ரீச்சர் பாத்துச் செய்யட்டும் என்று யாரிடமோ சொல்லி அனுப்பினார். லவ் பேர்ட்ஸ் மூன்று சோடி, கினிப்பன்றி நான்கு, கொண்டை வைத்த இந்த ஆஸ்திரேலியாக் கிளி ஒன்று. சனம் நிவாரண அரிசிக்கு வரிசையில் நிற்க, நான் இவற்றுக்குக் குரக்கனும் கச்சானும் தேடித் திரிவது எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் இவை எங்கள் காட்டில் பிழைக்கத் தெரியாதவை, திறந்துவிட்டால் காகமே கொன்றுவிடும். கினிப்பன்றி கேட்டு வந்தவர்களில் இருவர் இறைச்சி எப்படியிருக்கும் என்று விசாரித்தார்கள். தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். நான்கும் இப்போது பள்ளிக்கூடத்துத் தோட்டத்தில், பிள்ளைகள் புல்லுப் பிடுங்கிப் போடுகிறார்கள்.

லவ் பேர்ட்ஸில் ஒரு பிழை விட்டேன். முதற்சோடியைச் சந்தியடி விமலேஸ்வரிக்குக் கொடுக்கும்போது பக்கத்து வீட்டு வடிவம்மா வேலிக்கு மேலால் பார்த்து, மாட்டக் குடுத்தாலும் கயித்தக் குடுக்கப்படாது ரீச்சர், கூட்டையும் குடுத்தா வீடு வெறுமையாப் போயிரும் என்றா. இவ்வளவு படித்த எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஆனால் உன் அப்பா போன பிறகு இப்படியான சொற்களோடு நான் வாதாடுவதில்லை. கூட்டை வைத்துக்கொண்டு பறவைகளை மட்டும் கொடுத்தேன். விமலேஸ்வரி அவற்றைக் கோழி கவிழ்க்கும் கூடைக்குள் விட்டிருக்கிறாள், விடிவதற்குள் கீரி கிளறிவிட்டது. வெறுங்கூடையோடு வந்து, கூட்டைத் தந்திருந்தால் ரெண்டும் இருந்திருக்கும் ரீச்சர் என்றாள். கோபமில்லாமல் சொன்னதுதான் உறைத்தது. அதன்பிறகு கூடு செய்து காட்டியவர்களுக்கே மற்ற இரண்டு சோடிகளையும் கொடுத்தேன். வெறுங்கூடுகள் தாழ்வாரத்தில் அடுக்கியிருக்கின்றன, வடிவம்மாவுக்குத் திருப்தி.

மிச்சம் வெள்ளைக் கிளி. தனியே விட்டால்தான் அது இறகு பிடுங்குகிறது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து வாய்க்காலுக்கு அப்பால் கொட்டில் போட்டிருக்கும் சூசைப்பிள்ளை பின்னேரங்களில் வரத் தொடங்கிய பிறகு அந்தப் பழக்கம் குறைந்துவிட்டது. கடலில்லாமல் கை சும்மா இருக்கிறது என்று சொல்லி அதைத் தோளில் வைத்துக்கொண்டு கிழிந்த வலை பொத்துவார். அவரே பலகையில் ஒரு கூடு செய்து கிளியைக் கொண்டுபோனார். மறுநாள் மதியம் கிளியோடு திரும்பி வந்து, ரீச்சர், இவர் கூட்டைத் திண்டிட்டார், இனி என்னைத்தான் தின்னவேணும் என்றார். அதன் சொண்டுக்கு இந்த இரும்புக்கூடு ஒன்றுதான் தாங்கும். ஒரு மாதத்தில் திரும்பிவிடுவேன் என்றே ஊரில் சொல்லியிருக்கிறேன். வடிவம்மாவோ, ஒரு மாசந்தானே ரீச்சர், கிளி நிக்கட்டும், நான் தீன் வைக்கிறன் என்கிறா. தீன் வைப்பா, பக்கத்தில் இருக்க அவாவுக்கு நேரமேது. நான் திரும்பி வரும்போது அதன் உடம்பில் ஒரு இறகு மிஞ்சாது.

நீ தண்ணீர் வாளி தூக்காதே மகள். இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு குடிக்காதே. பிள்ளை நல்லபடி பிறந்து, நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைச் சுசிலா ரீச்சர் வவுனியாவில் தபாலில் சேர்ப்பா. கிடைத்ததும் இரண்டு வரி எழுது.

வெறுங்கூடுகளை ஏன் வைத்திருக்கிறேன் என்று இந்த நாட்களில் யோசித்தேன். கனகலிங்கத்தார் வந்தால் கேட்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது பொய். நான் இந்த வீட்டுக்குத் திரும்புவேன் என்பதற்கு ஏதாவது இங்கே கிடக்க வேண்டியிருந்தது. வரும் ஞாயிறு பூசை முடிந்து சூசைப்பிள்ளை வருவார். கிளியை இரும்புக்கூட்டோடு கொடுக்கப் போகிறேன். வன்னியை விட்டு வெளியே போக இயக்கத்திடம் எடுக்கும் பாஸ் படிவத்தில் ஒரு மாதம் என்று எழுதாமல், நிரந்தரமாக என்று எழுதப் போகிறேன். இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. கூடு படலையைத் தாண்டுவதைப் பார்த்தால் வடிவம்மாவுக்கு விளங்கிவிடும்.

உன்னிடம் வரவிருக்கும்,
அம்மா