ஆசிரியருக்கு ஒரு கிண்ணம் பாலேடு

1962 ஏப்ரல் 9, திங்கள்

காலையிலேயே கடும் வெயில். பாலாற்றில் மணல்தான். சுண்ணாம்புக் குழி வாடை வீட்டுக்குள் வரை.

வாசகசாலைக் கமிட்டி கூடியது. ஞாயிறு மாலை புதுக் கட்டடத் திறப்பு. தலைமை தாங்க வேலூரிலிருந்து வருபவர் நான் நிருபராக இருந்த பத்திரிகையின் ஆசிரியர். பெயரை எழுதக் கை வரவில்லை. ஆ. போதும்.

செயலாளர் சொன்னார்: "உங்களுக்குப் பழக்கமானவர்தானே சார். டிபனும் நன்றியுரையும் நீங்களே பாத்துக்குங்க."

பழக்கமானவர்தான். இரண்டு வருஷத்துக்கு முன் இங்கே ஒரு தோல் பதனிடும் ஷாப்பின் கழிவுக் குழியில் இறங்கிய இரண்டு பேர் விஷவாயுவில் செத்தார்கள். குழி ஓரத்தில் நின்று பார்த்துப் பத்திரிகைக்கு எழுதினேன். வந்தது. அடுத்த வாரம் ஆ. மறுப்புப் போட்டார். நிருபர் தவறான தகவல் தந்துவிட்டார், இருவரும் இறந்தது வாந்திபேதியில், வருந்துகிறோம். அதே இதழின் கடைசிப் பக்கம் முழுக்க அந்த ஷாப்பின் விளம்பரம். நான் எழுதிய காலமெல்லாம் சேர்த்து என் செய்திக்கு வந்த ஒரே மறுப்பு. வேலையும் அதோடு சரி.

செத்தவர்களில் ஒருவர் கவுஸ், பக்கத்து வீடு. அவர் மனைவி ஜைனபி நஷ்டஈடு கேட்டுப் போன இடத்திலெல்லாம் அந்த மறுப்பைத்தான் எடுத்துக் காட்டினார்களாம்.

டிபன் என் பொறுப்பு. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 10, செவ்வாய்

செருப்புக்கு அடி போட்டேன். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை.

செயலாளருக்கு ஆ. கடிதம். தமக்குச் சர்க்கரை வியாதி, இனிப்பு வேண்டாம், சுத்த சைவம், முட்டை பட்ட பாத்திரம்கூட ஆகாது, காப்பி போதும். எனக்கும் சர்க்கரை. எங்களுக்குள் மிச்சமிருக்கும் ஒரே ஒற்றுமை.

ஆபீஸில் அவர் என்னிடம் வழக்கமாகச் சொல்வது: "உன் சட்டையில தோல் நாத்தம் அடிக்குதுய்யா, தள்ளி நின்னு பேசு." இன்று முழுக்க அது காதில்.

ஏப்ரல் 11, புதன்

ரென்ஸோவைப் பார்க்கப் போனேன். இத்தாலிக்காரர், தோல் பிளக்கும் எந்திரம் பூட்ட வந்து கெஸ்ட் ஹவுஸில் இருக்கிறார். அவருக்கும் சர்க்கரை வியாதி. அவர் ஊர் இனிப்பு ஒன்றைச் சர்க்கரை இல்லாமல் செய்வார் என்று கேள்வி. பன்னா கோத்தா. பொருள்: காய்ச்சிய பாலேடு. முட்டை கிடையாது.

கூட இருந்து பார்த்தேன். எருமைப் பாலேடும் பாலும் சரிபாதி. கொதிக்க விடுவதில்லை. அதைக் கட்டியாக்க ஜெலட்டின் தகடு, கண்ணாடி மாதிரி, தண்ணீரில் ஊறவைத்துச் சூட்டில் கரைக்க வேண்டும். இனிப்புக்குச் சாக்கரின். முதல் தடவை அடுப்பில் இருக்கும்போதே போட்டோம். நாக்கில் கசப்பு, தகரத்தை நக்கியது போல. இறக்கி ஆறவைத்துப் போட்டால் பரவாயில்லை. இரண்டு கரண்டி காப்பி டிகாக்‌ஷன் சேர்த்ததும் மிச்சக் கசப்பும் போய்விட்டது. நன்றாகவே இருந்தது, மறுப்பதற்கில்லை.

ஐஸிலிருந்து எடுத்து வெளியில் வைத்தால்தான் தொல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே கிண்ணத்தில் வெறும் பால்.

ஜெலட்டின் எதில் செய்வது என்று கேட்டேன். தோலில் என்றார். சீவித் தள்ளும் துண்டுகளைக் காய்ச்சி எடுப்பதாம். ஜன்னல் வழியே ஷாப்பைக் காட்டிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பொட்டலம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 12, வியாழன்

நன்றியுரையின் கடைசி வாக்கியம் தயார். "தலைவர் அவர்கள் சற்றுமுன் சுவைத்து உண்டது ஆம்பூரில் எல்லோருக்கும் தெரிந்த பொருள், தோல்." சபை நடுவில். அவர் முகத்தைப் பார்த்தபடி. மூன்று முறை படித்தேன். ஒரு சொல் மாற்ற வேண்டியதில்லை.

வாங்க:
சாக்கரின் புட்டி
காப்பித் தூள், கொட்டை ஜாஸ்தி, சிக்கரி கம்மி
பாலேடு (சனி காலை சொல்லிவைக்க)
ஐஸ், ஜோலார்பேட்டையிலிருந்து, மரத்தூளில் கட்டி, பாசஞ்சரில்

எனக்குச் சமையல் கை வராது. செய்யப்போவது ஜைனபி. யாருக்கு, எதற்கு, உள்ளே என்ன என்று மறைக்காமல் சொன்னேன். கணவனைப் பறிகொடுத்தவர், சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். பொட்டலத்தைத் தொடாமல் பார்த்தார்.

"எந்தத் தோலுண்ணே?"

மாடாகத்தான் இருக்கும் என்றேன். வெச்சிட்டுப் போங்க என்றார்.

ஏப்ரல் 15, ஞாயிறு

நாள் முழுக்கப் புழுக்கம்.

ஐஸ் வந்தது, பாதி கரைந்து. கிண்ணங்களை வாளியில் ஐஸுக்கு நடுவில் வைத்து, ஈரச் சாக்குப் போட்டு மூடி, ஜைனபியே வாசகசாலைக்கு எடுத்து வந்தார். ஆ. வரவில்லை. வழியில் கார் டயர் போய்விட்டதாம். உட்கார்ந்திருந்தோம். வாளியில் ஐஸ் முழுக்கத் தண்ணீராகிவிட்டது. போயிற்று, பாலைத்தான் குடிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

வந்தார். இளைத்திருக்கிறார். சாக்கை விலக்கினேன். கிண்ணத்தைச் சாய்த்தேன். அசையவில்லை. கரண்டி வைத்தால் சுத்தமாக வெட்டியது, விளிம்பு கலையாமல்.

ரென்ஸோவின் ஜெலட்டின் இப்படி நிற்காது. வெயிலிலும் இளகாமல் இப்படி நிற்பது கடல்பாசி. நோன்பு மாதத்தில் ஜைனபி வீட்டிலிருந்து எனக்கு வருவது. ஏறிட்டுப் பார்த்தேன். ஜைனபி வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

சர்க்கரை இல்லை, முட்டை இல்லை என்று சொல்லி நீட்டினேன். ஆ. முதல் வாயில் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு விடாமல் சாப்பிட்டார். கிண்ணத்தை வழித்தார். ஆறு வருஷமாக வீட்டில் ஒரு இனிப்பு கண்ணில் காட்டுவதில்லையாம்.

"இன்னொண்ணு இருக்குமாய்யா? உள்ள என்ன போட்டிருக்கு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "பாலேடு, பால், காப்பி, சாக்கரின், கடல்பாசி" என்றேன். இரண்டாவது கிண்ணத்தையும் கொடுத்தேன்.

நன்றியுரையில் கடைசி வாக்கியம் வரை வந்து நிறுத்தினேன். தோல் என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியும்? ஆனால் பொய். சொல்லியிருந்தால் என் பேச்சுக்கு ஒரு மறுப்பு வரும், இந்தத் தடவை நியாயமாக. அதை அவருக்குக் கொடுக்க முடியாது. வணக்கம் சொல்லி உட்கார்ந்தேன். பலமான கைதட்டல். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

ஏப்ரல் 16, திங்கள்

காலையில் ஜைனபியிடம் கோபமாகவே கேட்டேன். அவர் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"வெள்ளக்காரன் ஊருலருந்து வந்தது, எந்த மிருகமோ. பன்னியா இருந்தா? என் சட்டில எப்பிடிண்ணே போடுவேன்?"

ரென்ஸோவிடம் போய் விசாரித்தேன். பன்றித் தோல்தான், அங்கே பெரும்பாலும் அதுதான் என்றார். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஆ. வாயையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஜைனபியின் சட்டி என் கண்ணில் படவேயில்லை. திரும்பி வந்து சொன்னேன். தலையாட்டினார். பொட்டலத்தைக் கழியால் தள்ளிக் கொடுத்தார். குப்பைக் குழியில் புதைத்தேன்.

ஆ. தப்பித்துவிட்டாரே என்று சொன்னேன். அதற்கு ஜைனபி:

"அவரு வாயில இன்னா போனா எனக்கு இன்னாண்ணே? அவரு வாந்திபேதின்னு போட்டாரே, அத மாத்திப் போடச் சொல்லுங்க. இவரு எப்பிடி செத்தாருன்னு எழுதச் சொல்லுங்க. அதான் எனக்கு வேணும்."

அப்புறம் அரிசிதான்.

ஏப்ரல் 18, புதன்

மேகம். மழை இல்லை. பல்வலி.

ஆ.வின் டிரைவர் வேலூரிலிருந்து வந்தார். கையில் எவர்சில்வர் தூக்கு. ஐயாவுக்கு அந்தப் பாலேடு வேண்டுமாம். வீட்டில் செய்து பார்த்தார்களாம், கசந்ததாம், ஐயா கிண்ணத்தைத் தள்ளிவிட்டாராம்.

"ரெண்டு நாளா அதே பேச்சு சார். யார் கையில செஞ்சது, அவங்களையே செஞ்சு தரச் சொல்லுன்னு ஒரே பேஜார்."

உட்காரச் சொல்லி மோர் கொடுத்தேன். பின்கட்டில் ஜைனபியிடம் தூக்கைக் காட்டி, யார் கை என்று கேட்டு அனுப்பியிருப்பதைச் சொன்னேன். வாங்கிக் கழுவினார். உட்புறம் ஈரம் போகத் துடைத்தார். அவசரமில்லாமல்.

பெட்டியிலிருந்து அந்த மறுப்பு வந்த இதழை எடுத்தேன். பழுத்திருந்தது. மறுப்பை மட்டும் வெட்டி, தூக்குக்குள் போட்டு மூடி, டிரைவரிடம் கொடுத்தேன். செய்தது கவுஸின் மனைவி என்று ஐயாவிடம் சொல்லச் சொன்னேன்.

தூக்கு லேசாக இருக்கிறதே என்றார் டிரைவர். உள்ளே இருப்பதை ஐயா திருத்தி அச்சிட்டு அனுப்பட்டும், அன்றைக்கே பாலேடு வரும் என்றேன்.