கூரைப் பக்கம் சாய்ந்த பலா

புளத்கொகுபிட்டிய
14.06.1974

அன்புள்ள மகன் நுஹ்மானுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நாங்கள் உயிரோடு சுகமாக இருக்கிறோம், கிண்ணியாவில் நீயும் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும்போது கத்திக் கத்தித் தொண்டை கட்டாமல் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். உன் தங்கச்சி மர்லியாவும் பிள்ளையும் சுகம், ஆனால் பிள்ளை பெற்ற நாற்பது நாள் முடிவதற்குள் அவளை அறையைவிட்டு எழுப்பி அடுத்த வீட்டுப் பளீலாவிடம் கொண்டுவந்துவிட்டேன், இதையும் அங்கிருந்துதான் எழுதுகிறேன். காரணம் அந்த அறைக்குப் பின்னால் நிற்கும் பலாமரம். போன மாத மழையில் வேரடி மண் கரைந்து மரம் கூரைப் பக்கம் சாய்ந்துவிட்டது. பலாவை வெட்ட அரசாங்க அனுமதி வேண்டும் என்பதால் கச்சேரிக்கு நடையாய் நடந்து பெர்மிட் எடுத்தோம், அதிலெல்லாம் குறை வைக்கவில்லை, வெட்டுகிற ஆளைப் பிடித்ததில்தான் கோட்டைவிட்டோம்.

முதலில் வந்தவன் தோட்டத்தில் கிழட்டு ரப்பர் மரம் தறிக்கிற செல்லத்துரை. மரத்தை விட்டுவிட்டு வீட்டைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்தான், உச்சியிலிருந்து கயிறு கட்டிக் கொப்புக் கொப்பாக இறக்க வேண்டும், ஐந்து நாள் கூலி என்றான். அடுத்து வந்தவர் உன் வாப்பா கூட்டிவந்த வரக்காப்பொல மர முதலாளி ஒருவர். கூலியே வேண்டாம், பலகைக்கு மரத்தைத் தந்தால் போதும் என்றார், நம் பக்கத்து வழக்கமும் அதுதானே. அவர் கூரையை ஏறிட்டும் பார்க்கவில்லை, அடிமரத்தைத்தான் சாண் வைத்து அளந்தார், அதைப் பார்த்துக்கொண்டே நானும் சரி என்றேன். வாப்பாவை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. முதலாளியின் ஆட்கள் வந்து மேட்டுப் பக்கத்துப் பெரிய கிளையை அறுத்து லொறியில் ஏற்றிக்கொண்டு நாளைக்கு வருகிறோம் என்று போனவர்கள்தான், எட்டு நாளாயிற்று. மரத்தை அந்தப் பக்கம் இழுத்துப் பிடித்திருந்ததே அந்தக் கிளைதான். இப்போது பாரமெல்லாம் நம் கூரையைப் பார்த்து நிற்கிறது.

திரும்பவும் செல்லத்துரைக்கே ஆள் அனுப்பினோம், முகம் கோணாமல் வந்தான். ஆனால் "வீட்டுக்குள்ள ஆள் இருக்கிற வரைக்கும் நான் கோடாலியத் தொட மாட்டேங்க" என்றுவிட்டான். உன் வாப்பாவோ அந்த அறையைவிட்டு அசைய மாட்டேன் என்கிறார். "கூட்டி வந்தது நான். உழுந்தா ஏண்ட தலையில உழட்டும்" என்று மர்லியாவின் கட்டிலிலேயே படுத்திருக்கிறார். அழுதேன், ஏசினேன், பள்ளிவாசல் லெப்பை வந்து சொல்லியும் கேட்கவில்லை. சோற்றை ஜன்னல் வழியாகத்தான் வாங்குகிறார், என்னை உள்ளே கால் வைக்கவிடாமல் துரத்துகிறார். இது பிடிவாதம் இல்லை மகன், வெட்கம். காற்று அடிக்கும்போதெல்லாம் பளீலாவின் வாசலுக்கு ஓடிவந்து மரத்தைப் பார்க்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே, அல்லாஹ் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைப்பானாக. இது கிடைத்தவுடன் கடிதம் எழுதிக்கொண்டு இராதே, தந்தி அடி. பிழை யாருடையது என்று ஒரு சொல்லும் வேண்டாம். வாப்பா வெளியே வாருங்கள், நீங்கள் எனக்கு வேண்டும் என்று மட்டும் போடு. அதை நான் சொல்லித் தந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் அப்படிச் சொன்னதே இல்லை.

இப்படிக்கு,
உன் உம்மா
மஹ்மூதா