பூங்காவில் பிடுங்கிய ஒரு பூ

12.07.2023, புதன்
செப்டெம்பரில் குடியுரிமை நேர்முகம். இருபத்தாறு வருடம் இந்த நாட்டில் இருந்தும் எனக்குத் தெரிந்தது ஓஸ்டர்முண்டிகன் வீடு, ஆஸ்பத்திரியில் நான் துடைக்கும் நாலாம் மாடி, கோயில். அவ்வளவுதான். பிடித்த இடம் எது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று மகள் யாதவி தலையில் கை வைத்துக்கொண்டாள். நாளைக்குத் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். கூடாரமாம்! என் கணவர் சந்திரகுமார் ரைஸ் குக்கரையும் காரில் ஏற்றிவிட்டார். மலைக்கு எதற்குக் குக்கர் என்று ஏசினேன்.

13.07, வியாழன், செர்னெட்ஸ்
பூங்காவுக்குள் தங்க விடமாட்டார்கள். ஊரோரத்தில், கரண்ட் வசதியுள்ள திடலில் கூடாரம் அடித்தோம். ஆற்றைப் பார்த்தபடி சுடச்சுடச் சோறும் பருப்பும். குக்கரைப் பற்றிச் சொன்னதெல்லாம் வாபஸ்.

14.07, வெள்ளி
என்ன வேலை பார்த்தேன் நான்!

இவர் முழங்கால் வலியென்று கூடாரத்திலேயே நின்றுவிட்டார். நானும் யாதவியும் மூன்று மணித்தியாலம் ஏறினோம். ஆள் அரவமே இல்லை. எதிர்மலையில் மான்கள் கூட்டமாக மேய்ந்தன. இதைப் பார்க்க என்னை விட்டுவைத்தாயே என்று கண் நிறைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வேறு. கைப்பையில் இருந்த பிள்ளையார் படத்தைக் கல்லில் வைத்து, பாதையோரத்து மஞ்சள் பூ ஒன்றைப் பிடுங்கி வைத்துக் கும்பிட்டேன். சாமிக்கென்றால் யாருடைய வேலியிலும் பிடுங்கி வளர்ந்தவள். கை என்னைக் கேட்டுக்கொண்டா போகிறது?

கண்ணைத் திறந்தால் பூங்காக் காவலர் நிற்கிறார். அங்கே புல்லைக்கூடத் தொடக்கூடாதாம். வாசல் பலகையில் எழுதியிருக்கிறதாம். நான் பலகையில் மான் படத்தை மட்டும்தான் பார்த்தேன். சாமிக்கு என்று சொன்னேன். மரியாதையாகக் காதுகொடுத்துக் கேட்டார். மரியாதையாகவே தண்டமும் எழுதினார் — பெயர், பிறந்த திகதி, முகவரி, எல்லாம்.

குடியுரிமை போச்சுது. ஒரு பூவால போச்சுது.

15.07, சனி
காரில் யாதவி, "அம்மா, நேர்முகத்தில அவையள் கேட்டாலொழிய இதைப்பற்றி நீங்கள் வாயே திறக்காதேங்கோ" என்றாள். இவர் வழியில் நிறுத்தி எனக்குத் தேநீர் வாங்கித் தந்தார். இந்த மனிதரைத் தந்ததற்கும் கடவுளுக்கு ஒரு நன்றி.

19.09, செவ்வாய்
நேர்முகம். ஐந்து பேர் இருந்தார்கள். தேர்தல், மாநிலங்கள், குப்பை பிரிப்பது, எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் ஒரு வயதான அம்மா, இந்த நாட்டில் உங்கள் மனதுக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டார். தலைநகர் பேர்ன் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது பூங்கா. அதைச் சொன்னபிறகு பூவை எப்படி மறைப்பது? தண்டம்வரை சொல்லிவிட்டேன்.

இனி அங்கே யாராவது பூப் பிடுங்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

விடமாட்டேன், அது எங்கள் பூங்கா என்றேன். யோசித்துச் சொல்லவில்லை.

எங்கள்! இன்னும் கடவுச்சீட்டே இல்லை, அதற்குள் எங்களாம். அந்த அம்மா குனிந்து ஏதோ எழுதினார். நல்லதோ கெட்டதோ, தெரியாது. வெளியே வந்தபோது பசித்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு வந்த பசி.

05.12, செவ்வாய்
நகரசபை ஓம் சொல்லிவிட்டது! மாநிலமும் மத்திய அரசும் இன்னும் சொல்ல இருக்கின்றன. இருக்கட்டும்.

28.10.2024, திங்கள்
என் பெயருக்குத் தபாலில் தடித்த உறை ஒன்று. வாக்குச்சீட்டு, குடியுரிமை கிடைத்தபின் முதலாவது. ஐம்பத்திரண்டு வயதில், ஒரு நாடு என்னிடம் அபிப்பிராயம் கேட்பது இதுதான் முதல் தடவை. பின்னேரம் முழுக்க அகராதியும் கையுமாக கூட வந்த, வாக்கெடுப்புக் கேள்விகளின் விளக்கப் புத்தகத்தை வாசித்தேன். இவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "எதுக்குப் போடப்போறீர்?" என்றார்.

அது இரகசியம் என்று சொல்லி உறையை ஒட்டினேன்.