முதுகுப் பக்கத்து ஆள்

மார்ச் 3, செவ்வாய்

பலகையில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். மறுபடியும் அந்தப் பழைய நாடகம்தான். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை எங்கள் அரங்கத்தில் போடுவார்கள், ஊரும் சலிக்காமல் வந்து உட்காரும். இருபத்தொன்றாம் தேதி, சனிக்கிழமை மத்தியானம் முதல் காட்சி.

பெட்டியைத் திறந்து எசமானியின் கறுப்பு கவுனை எடுத்து உதறினேன். முதுகில் பதினோரு கொக்கி. பதினொன்றும் அக்கா தைத்தது.

ஒருத்தியாக இதை எப்படிச் செய்யப்போகிறேன்?

மார்ச் 4, புதன்

டைரக்டர் கூப்பிட்டு அனுப்பினார்.

"ரெண்டு பேர் செஞ்ச வேலை. ஒருத்தியால ஆகுமா?"

"ஆகும் சார்."

ஏன் அப்படிச் சொன்னேன்? ஆகாது என்று சொல்லியிருக்கலாம். ஆகாது என்றால் இஸ்திரி அறைக்கு அனுப்பிவிடுவார். மேடைப் பக்கமே வரவேண்டாம் என்பார். அந்த இருட்டு மூலையில் இருபது வருடம் நின்றிருக்கிறேன். வேறு எங்கே போய் நிற்பது?

நாடகத்தில் எசமானி, வேலைக்காரப் பெண் மேல் திருட்டுப் பழி போடுகிறாள். எசமானியும் வேலைக்காரியும் ஒரே நடிகை, எங்கள் மேடம்தான். எழுதிய மனுஷன் அப்படித்தான் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பழி போட்டவளுக்கும் சுமந்தவளுக்கும் ஒரே முகம் என்று ஜனம் பார்க்க வேண்டுமாம். ரொம்பப் பெரிய விஷயம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த விஷயம் ஒன்றுதான். எசமானி இடது பக்கமாக வெளியே போவாள். மேடையில் அவள் புருஷன் ஒரு கடிதத்தைச் சத்தமாகப் படிப்பார். படித்து முடிக்கிற நேரம் வலது பக்கத்திலிருந்து வேலைக்காரி தட்டோடு உள்ளே வர வேண்டும். நடுவில் நாற்பது நொடி.

பின்திரைக்குப் பின்னால், ஒரு சின்ன நீல விளக்கு வெளிச்சத்தில் நானும் அக்காவும் அவருக்கு உடை மாற்றுவோம். வேலைக்காரியின் சாம்பல் கவுனை முன்கூட்டியே தரையில் வட்டமாகப் பரப்பி வைத்திருப்போம். அக்கா முதுகுப் பக்கம். கொக்கியை அவிழ்த்துக் கறுப்பை இறக்குவாள், சாம்பலைத் தூக்கி அதிலும் பதினோரு கொக்கி போடுவாள். நான் முன்பக்கம். கையுறை, செருப்பு, ஏப்ரன், தொப்பி, கடைசியில் கையில் தட்டு. முப்பத்தெட்டு நொடியில் முடித்துவிட்டு இரண்டு நொடி சும்மா நிற்போம்.

அக்கா போய் நாளையோடு ஐம்பது நாள்.

மார்ச் 6, வெள்ளி

முதல் ஒத்திகை. மானம் போயிற்று.

கறுப்பைக் கழற்றினேன். சாம்பலை ஏற்றி, செருப்பு மாட்டி, ஏப்ரன் கட்டி, தொப்பி வைத்து, தட்டையும் கொடுத்தேன். என் வேலை முடிந்ததும் எப்போதும் போல ஒதுங்கி நின்றுவிட்டேன். மேடமும் எப்போதும் போலப் போய்விட்டார். தட்டை மேசையில் வைக்கத் திரும்பினார் பாருங்கள், முதுகு முழுக்கத் திறந்து கிடக்கிறது! ஒரு கொக்கி போடவில்லை. போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முன்பக்கம் முடிந்தால் முடிந்தது என்றுதான் என் கைக்குத் தெரியும்.

எல்லாரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. தட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அது சிரித்ததைவிட மோசம்.

மார்ச் 7, சனி

தலையணை உறையில் பதினோரு கொக்கி வைத்துத் தைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு போட்டுப் பார்த்தேன். ஆறாவதில் கை நின்றுவிட்டது.

மார்ச் 9, திங்கள்

எழுபத்திரண்டு நொடி.

புருஷன் வேஷக்காரர் கடிதத்தை ஒரு தடவை படித்தார். யாரும் வரவில்லை. திரும்பவும் முதலிலிருந்து படித்தார். மூன்றாவது தடவை ஆரம்பித்து நிறுத்திவிட்டு, பின்திரையைப் பார்த்து, "அம்மா தாயே, இன்னும் ரெண்டு நாள் இப்படிப் போனா கடுதாசி எனக்கு மட்டுமில்ல, லைட் போடறவனுக்கும் மனப்பாடமாயிடும்" என்றார்.

நல்ல மனுஷன்தான். ஆனாலும் சுருக்கென்றது.

மார்ச் 10, செவ்வாய்

டைரக்டர் ஒரு யோசனை சொன்னார். கறுப்பு கவுனில் கொக்கியை எடுத்துவிட்டு வெல்க்ரோ ஒட்டுப்பட்டை வைத்துத் தைக்கச் சொன்னார். ஒரே இழுப்பில் வந்துவிடும் என்றார். அக்கா தைத்த கொக்கி பதினொன்றையும் பிரித்தேன். பிரிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

சாயங்காலம் இழுத்துப் பார்த்தோம். பர்ர்ரென்று கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. கடிதம் படித்துக்கொண்டிருந்தவர், "நான் கிழிக்கல சார்" என்றார்.

திரும்பக் கொக்கி தைத்தேன். பதினொன்றும். இப்போது அவை நான் தைத்தவை.

மார்ச் 11, புதன்

டைரக்டர் கத்தவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அப்போதே தெரிந்துவிட்டது.

"வெள்ளிக்கிழமை, இருபதாம் தேதி, கடைசி ஒத்திகை. அன்னிக்கி நாப்பதுக்குள்ள வரலேன்னா வேலைக்காரி வேஷத்துக்கு வேற பொண்ணைப் போட்டுடுவேன். வசனம் படிக்கச் சொல்லியாச்சு. உன்னைக் குத்தம் சொல்லல. நீ கொஞ்ச நாள் இஸ்திரியைப் பாரு."

இரண்டு பேர் நடித்தால் அது அந்த நாடகமே இல்லை என்று மேடம் வெளியே யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அவருக்கும் பாதி வேஷம் போய்விடும். எல்லாம் என்னால்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு... அன்றைக்கு அக்கா மூச்சு முட்டுதுடின்னு சொன்னப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும். இஸ்திரி முடிச்சிட்டுக் காலையில போலாம்னு சொன்னேன். நான்தான் சொன்னேன். காலையில அவளால நடக்க முடியல. வேற யாரைக் குத்தம் சொல்றது?

எழுதிவிட்டேன். எழுதினாலும் அப்படியேதான் இருக்கிறது.

மார்ச் 12, வியாழன்

டிக்கெட்டம்மா துணிக்கிடங்கு வாசலில் வந்து நின்றாள். கதவு சாத்தியதும் அவளுக்கு வேலை முடிந்துவிடுமாம். இடைவேளை வரைக்கும் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறாளாம். டைரக்டர் கேட்டாராம், சரி என்றாளாம்.

அவளுக்கும் அக்காவுக்கும் ஆறு வருடமாகப் பேச்சில்லை. எங்கள் சித்தி மகள் நாடகம் பார்க்க வந்தபோது, டிக்கெட் இல்லாமல் நாற்காலி கிடையாது என்று மூன்று மணி நேரம் நிற்கவைத்துவிட்டாள். அதிலிருந்து இருவரும் எதிரெதிரே நின்றுகொண்டு என்னிடம்தான் பேசுவார்கள். "அந்தம்மாவைக் கொஞ்சம் நகரச் சொல்லு" என்பாள் அக்கா. "நகர முடியாதுன்னு உங்க அக்காகிட்ட சொல்லு" என்பாள் இவள். நடுவில் நான் தபால்காரி மாதிரி.

இன்று என்னைப் பார்த்து நேராகச் சொன்னாள்: "உங்க அக்காவுக்கும் எனக்கும் ஆகாது. அது எங்களுக்குள்ள. உனக்கு ஆள் வேணுமா, வேணாமா?"

வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. இருபதாம் தேதி ஞாபகம் வந்தது. வேண்டும் என்றேன்.

மார்ச் 13, வெள்ளி

அக்கா இருந்திருந்தால் இன்று என்னை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டாள்.

மார்ச் 14, சனி

டிக்கெட்டம்மாவை முதுகுப் பக்கம் நிறுத்தினேன். விரல் வேகமான விரல்தான். வருடக்கணக்காக டிக்கெட் கிழித்த விரல். ஆனால் எப்போது இறக்க வேண்டும், எப்போது தூக்க வேண்டும் என்று தெரியவில்லை. நான் செருப்பு மாட்டக் காலைத் தூக்கச் சொன்ன நேரத்தில் அவள் கவுனை இழுத்தாள். மேடம் நாற்காலி மேல் சாய்ந்துவிட்டார். நல்லவேளை, அடிபடவில்லை.

அறுபத்தாறு.

"எதை முதல்ல செய்யணும்னு சொல்லேன்" என்கிறாள். நான் எங்கே கண்டேன்? பின்னால் அக்கா என்ன செய்தாள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. நான் குனிந்திருப்பேன். அவள் "கால்" என்றால் கால், "தொப்பி" என்றால் தொப்பி.

மார்ச் 16, திங்கள்

ஐம்பத்தொன்று. குறைந்திருக்கிறது என்று சந்தோஷப்பட முடியவில்லை, பெரிய சண்டை.

"ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறே. வாயைத் தைச்சு வெச்சிருக்கியா? நான் பாட்டுக்கு இழுக்கறேன், நீ பாட்டுக்கு மாட்டறே. யாராவது ஒருத்தி சொல்லணுமில்ல?"

"அக்காதான் சொல்லுவா" என்றேன்.

டிக்கெட்டம்மா தரையில் கிடந்த சாம்பல் கவுனை எடுத்து மடித்தாள். மடிப்பு கோணலாக இருந்தது. திருத்தாமல் விட்டுவிட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

இன்றும் ஐம்பத்தொன்று. அந்தப் புதுப்பெண் ஒரு மூலையில் உட்கார்ந்து வேலைக்காரி வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பாவம், அவள் மேல் கோபப்பட என்ன இருக்கிறது? ஆனாலும் கோபம் வந்தது.

மார்ச் 18, புதன்

மேக்கப் அறையில் மேடம் என்னை நிறுத்திவைத்துப் பேசினார். எனக்கு ஐம்பத்தோரு வயது, இன்னும் எல்லாருக்கும் நான் "சின்னவ"தான். பெரியவ இல்லாமல் சின்னவ ஏது?

"சின்னவளே, நீ பின்னாடி நில்லு."

"அது அக்கா இடம் மேடம்."

"உங்க அக்கா கை என் முதுகுல இருக்கும்போது நான் எதையும் யோசிக்க மாட்டேன். இப்ப என் முதுகுக்கே பயமா இருக்கு. வேலை தெரிஞ்ச ஆள் முன்னாடி குனிஞ்சுகிட்டு இருக்கா, தெரியாத ஆள் பின்னாடி நிக்கறா. இது என்ன ஞாயம்?"

"எனக்குப் பின்பக்கம் தெரியாது."

"முன்பக்கம் தெரியுமில்ல? அதை அவளுக்குச் சொல்லு. பின்னாடி நின்னா தானா வாயில வரும்."

வரவில்லையென்றால்? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அழாதே, கவுன்ல பட்டா கறை தெரியும்" என்றார்.

மார்ச் 19, வியாழன்

தலையணை உறையை நாற்காலி முதுகில் மாட்டி, பின்னால் நின்று பழகினேன். கொக்கி பிடிபடுகிறது. வாய்தான் வரவில்லை. யாருக்கும் நான் எதையும் சொல்லிப் பழக்கமில்லை. கடைக்காரனிடம்கூட அக்காதான் பேசுவாள்.

"இறக்கு. தூக்கு. கால். ஏப்ரன். தொப்பி. தட்டு. போ." நாற்காலியிடம் இருபது தடவை சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டாள். "இல்ல, வேலை" என்றேன்.

நாளைக்குத்தான் கடைசி ஒத்திகை.

மார்ச் 20, வெள்ளி

டைரக்டர் கடிகாரத்தோடு பின்திரைக்குப் பின்னாலேயே வந்து நின்றார். புதுப்பெண் இன்னொரு சாம்பல் கவுனை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். நான் முதுகுப் பக்கம். டிக்கெட்டம்மா முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள். "சத்தமா சொல்லு, எனக்கு ஒரு காது மந்தம்" என்றாள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். கடைசி வரிசையில் மிட்டாய் பிரித்தால் டிக்கெட் அறையிலிருந்து அதட்டுவாள்.

"இறக்கு" என்றேன். என் குரல்தானா என்று இருந்தது. பிறகு எதுவும் ஞாபகமில்லை. ஏழாவது கொக்கி ஒரு தடவை வழுக்கியது, விட்டுவிட்டு எட்டாவதைப் போட்டேன், திரும்பி வந்து ஏழாவதைப் போட்டேன். "போ" என்று மேடத்தையே சொல்லிவிட்டேன். போங்க என்று சொல்லியிருக்க வேண்டும்.

நாற்பத்திரண்டு.

டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், புதுப்பெண்ணைப் பார்த்தார். மேடையிலிருந்து புருஷன் வேஷக்காரர் தலையை நீட்டி, "ரெண்டு நொடிதானே சார்? கடுதாசியில ஒரு பெருமூச்சு விட்டா போச்சு. அந்தப் புருஷனுக்குப் பெருமூச்சு விட எவ்வளவோ இருக்கு" என்றார்.

டைரக்டர் புதுப்பெண்ணிடம் கவுனைக் கழற்றி வைக்கச் சொன்னார். என்னிடம், "நாளைக்கு ரெண்டு மணிக்கு வந்துடு" என்றார், அவ்வளவுதான்.

மார்ச் 21, சனி

முப்பத்தொன்பது. ஜனம் எழுந்து நின்று கை தட்டியதாம். நான் கறுப்பு கவுனை எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

இரண்டாவது காட்சி. இன்று பயம் கொஞ்சம் குறைவு, அதனால் கண் பார்த்தது.

செருப்பு மாட்டிவிட்டு, தொப்பி வைக்க டிக்கெட்டம்மா எழுந்தாள். மேடத்தின் தோளுக்கு மேலே அவள் முகம் தெரிந்தது. நீல வெளிச்சத்தில் வேர்த்துப்போய், நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் கணக்குப் போடுகிற பிள்ளை மாதிரி. என் கை கொக்கியில் இருந்தது, கண் அந்த முகத்திலேயே நின்றுவிட்டது.

"என்ன பாக்கறே?" என்றாள் மூச்சுக்குள்ளே.

"தொப்பி கோணல். நேரா வை."

நேராக வைத்தாள். மேடம் போனார். ஜனம் ஓவென்றது.

முன்பக்கம் இருந்தவரை எனக்கு மேடத்தின் முழங்காலும் ஏப்ரன் நாடாவும்தான் தெரியும். நிமிர்ந்தால் தொப்பி மட்டும். பின்னால் நிற்கிறவளுக்கு வேறு பார்க்க என்ன இருக்கிறது? ஏழு தடவை போட்ட நாடகம், எத்தனையோ காட்சி. ஒவ்வொரு காட்சியிலும் அக்கா என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

நான் எப்படி இருந்தேனோ. ஒரு நாளும் அவள் சொன்னதில்லை.