ஜக்கம்மா போட்டுக்கொண்ட கிளிப்

கம்பம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள அப்பாவுக்கு,

தேவயானி வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? போனில் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்பதால் எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன்.

பல்லைச் சீராக்குவதற்கென்றே கம்பத்தில் முதல் கிளினிக் திறந்தவள் என் மகள் என்று சென்னையில் எல்லோரிடமும் சொல்கிறீர்களாம். ஆரம்பத்தில் யாருமே வரவில்லை, மூடிவிடலாம் என்றுகூட நினைத்தேன். கவலைப்படாதீர்கள், அது பழைய கதை. அப்போதுதான் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஜக்கம்மா வந்தார். கூடவே கல்யாணமான மகள். மகளுக்காகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"அவளுக்கு எதுக்கு? எனக்குத்தான் டாக்டரம்மா. கல்யாணப் போட்டோவுலகூட வாயை மூடிக்கிட்டுத்தான் நிக்கிறேன்" என்றார்.

பல்லில் கிளிப் மாட்டிக்கொண்டு போனவரை ஊரே கேலி செய்ததாம். "பேரன் எடுக்கிற வயசுல இது எதுக்குன்னு கேட்டாக. சிரிக்கிறதுக்குன்னு சொல்லிட்டேன்" என்றார். அவரைப் பார்த்துத்தான் மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள்.

நேற்று அந்தக் கிளிப்பைக் கழற்றினேன். கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பழக்கத்தில் வாயை மூடப் போன கையை அவரே இறக்கிக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தார். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

அப்பா, ரசப்பொடி தீர்ந்துவிட்டது. பார்சலில் அனுப்பாதீர்கள், நீங்களே எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒரு ஆளுக்கு மட்டும் ரசம் வைக்க மனம் வரவில்லை.

மலை எஸ்டேட்டிலிருந்து பல் காட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் விடமாட்டேன் என்கிறார்கள். போகிறேன் அப்பா.

உங்கள் மகள்,
தேவயானி