ஆளுநர் வரும்போது நான் இருக்கமாட்டேன்

ரோலண்ட்,

ஆளுநர் ஹாஸ்கெல் ஓட்டுக் கேட்டு நம் வீட்டுக்கு வரும்போது காபியை நீயே ஊற்றிக் கொடு. நான் சுட்ட ஆப்பிள் பை அடுப்புக்குள் சூடாக இருக்கிறது.

என் இன்சுலின் விலையைப் பற்றி அன்று அவருடைய கூட்டத்தில் கேட்டது நான். அவர் உன் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார். "அதனால என்ன லொரைன், பதில் வந்துச்சுல்ல?" என்கிறாய். எனக்கு வரவில்லை.

அதே கேள்விக்கு செனட்டர் புரூவிட் என் கண்ணைப் பார்த்து, "தெரியலைங்க, விசாரிச்சுச் சொல்றேன்" என்றார். மறுவாரம் போனும் செய்தார். நம் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக ஹாஸ்கெல் அல்ல, அவர்தான் வர வேண்டும். செவ்வாய்க்கிழமை நடக்கும் உட்கட்சித் தேர்தலில் என் ஓட்டு அவருக்கே. இப்போது அவருக்காக வீடு வீடாகப் போகிறேன்.

வாசலில் உன் ஆளின் தேர்தல் பலகைக்குப் பக்கத்தில் அவர் பலகையை நட்டிருக்கிறேன். பிடுங்காதே.

லொரைன்

பி.கு.: படியில் பனி உறைந்து வழுக்குகிறது. அது உருக உப்புத் தூவியிருக்கிறேன். உனக்காக, ஆளுநருக்காக இல்லை.