கேற்றில் தொங்கிய கலியாணக் கார்ட்

9 ஜனவரி, வெள்ளி

விடியவே மழை. கடல் இரைச்சல் படுக்கை வரை. முழங்கால் வலி.

கேற்றில் ஒரு கலியாணக் கார்ட், ரப்பர் பட்டி போட்டு. ஆட்டோக்காரன் மாட்டிவிட்டுப் போனானாம். மௌத்தான தம்பியின் ஒரே மகள் சப்ரினாவுக்கு ஞாயிறு பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பின் நிக்காஹ். தம்பி போய் இரண்டு மாதம். நாள் அவன் வைத்தது. அவளுக்கு வாப்பா இல்லை, கூடப்பிறந்த ஆண் இல்லை. வாப்பாவின் இடத்தில் வலீயாக இருந்து கைபிடித்துக் கொடுக்க வேண்டியவன் நான். எனக்குக் கார்ட்!

மூத்தவனுக்கு முதலில், வீட்டுக்கு வந்து, வெற்றிலை வட்டா வைத்துச் சொல்வது முறை. கார்டை நான் தொடவில்லை. மனைவியையும் எடுக்க விடவில்லை. தொங்கட்டும். தெரு பார்க்கட்டும். அந்த வீட்டில் கூடி உண்ணும் சஹன் சோற்றில் கை வைக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன்.

ஜும்ஆ. குத்பாப் பிரசங்கம் பெருமையைப் பற்றி. நெஞ்சில் அணுவளவு இருந்தாலும் சுவர்க்கம் இல்லையாம். மௌலவி இரண்டு தரம் என் பக்கம் பார்த்தார். வெளியே செருப்புத் தேடும்போது எவனோ: “இண்டைக்கு குத்பா மூத்தவருக்குத்தாண்டா.” சிரிப்பு. நான் திரும்பவில்லை.

வாங்க: சீனி, டோர்ச் பற்றரி, கேற்றுக்குக் கொளுக்கி.

10 ஜனவரி, சனி

மழை விட்டது. வாசலில் வெள்ளம்.

ஹதீஸ் தமிழாக்கத்தை எடுத்துத் தேடினேன். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. கிதாபு எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானே வாசித்தது. உண்மையை மறுப்பதும் மனிதரைக் கேவலமாக நினைப்பதும்தான் பெருமை என்று இருக்கிறது. நான் யாரைக் கேவலமாக நினைத்தேன்? என் இடத்தைக் கேட்டேன். அது மானம். மானம் இல்லாதவன் தொழுது என்ன?

மு.ப. 10. பள்ளிவாசலில் எங்கள் குடிக்குப் பொறுப்பான மரைக்காயர் வந்தார். தேத்தண்ணி வேண்டாமாம்.

“காக்கா, நீங்க வரல்லண்டா ஒங்களுக்குப் பதிலா காதியார்தான் குடுக்கணும்.”

“குடுக்கட்டும்.”

“பெரியவாப்பா உசிரோட இரிக்க, புள்ளைய வேறொருத்தர் குடுக்கிறதா? மாப்பிள்ள வீட்டார் என்ன கதைப்பாங்க?”

“முறையா வந்து செல்லட்டும்.”

“ஆரு வாற? அந்த வீட்டில ஆம்பிள இரிக்கா?”

“தம்பிட பொண்டாட்டி போன்லயாவது செல்லியிருக்கலாமே.”

அவர் சைக்கிளை எடுத்தார்.

மனைவி குசினியிலிருந்து: “மச்சி எப்பிடிச் செல்லுவா? புருசன் மௌத்தாகி இத்தாவில இரிக்கா.”

“தெரியும்.”

“தெரியுமா? தம்பி மௌத்தான அண்டைக்கு, மையத்து வீட்டில திரைக்கு வெளிய நிண்டு சத்தம் போட்டது ஆரு? நாலு மாசம் பத்து நாளைக்கு அந்நிய ஆம்பிளைக்கு மச்சிட குரலும் கேக்கப்படா எண்டு? ஊரே கேட்டது. புருசனோட பொறந்த காக்காவும் அந்நிய ஆம்பிளதான்.”

நான் ஹதீஸ் புத்தகத்தை மூடினேன்.

“மூத்தவர்ர கையில குடு எண்டுதான் கார்டை அனுப்பினாவாம். ஆட்டோக்காரன் ஒங்களுக்குப் பயந்து கேற்றில மாட்டிட்டு ஓடிட்டான்.”

நான் அன்று சொன்னது மார்க்கம். இப்போதும் சரிதான். கடுமை கூட என்று சொல்கிறார்கள். சொல்லட்டும்.

11 ஜனவரி, ஞாயிறு

வெயில். வெள்ளைச் சட்டை அயன் பண்ணிக் கதவில் தொங்குகிறது. மனைவி விடியவே கலியாண வீட்டுக்குப் போய்விட்டாள்.

பகல் ளுஹர் தொழுகை வரை இருந்தேன். யாரும் வரவில்லை. சட்டையைப் போட்டேன்.

(இரவு) தம்பி வீடு. பெண்ணிடம் சம்மதம் கேட்பது வலீயின் வேலை. திரைக்கு வெளியே நின்றேன், அன்று நின்ற அதே இடம்.

“சம்மதமா மகள்?”

“ஓம், பெரியவாப்பா.”

உள்ளே இன்னொருத்தி அழுவது தெரிந்தது. வாயில் துணியை அடைத்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல். பிறகு திரைக்கடியால் வெற்றிலை வட்டா நகர்ந்து வந்தது. விரல் நுனி மட்டும். குரல் இல்லை. நான் போட்ட சட்டம்.

ஒரு வெற்றிலை எடுத்தேன்.

மாப்பிள்ளையின் கையைப் பிடித்துத் தம்பி மகளைக் கொடுத்தேன். நாக்குத் தடுமாறவில்லை. நெஞ்சு நிமிர்ந்தது. இது அணுவளவு இல்லை, பெரிது. மௌலவி பக்கத்தில்தான் இருந்தார். இது பெருமையா மானமா என்று அவரிடம் நான் கேட்கவில்லை.

சஹனில் உட்காரவில்லை. சொன்னது சொன்னதுதான்.

பொழுது சாய, மஃரிபுக்கு முன் தனியாக வந்தேன். கார்ட் ஊறி, பெயர்கள் கலைந்து, தம்பியின் பெயர் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. அவிழ்த்து ஹதீஸ் புத்தகத்துக்குள் வைத்தேன். ரப்பர் பட்டியைத் திரும்பக் கேற்றில் மாட்டிவிட்டேன். காற்று கொண்டுபோனதென்று மனைவி நினைக்கட்டும்.